பால் காய்ச்சும்வரை நெருப்பு வேண்டாம்

என் கணவரின் அண்ணன் கோபாலகிருஷ்ணனுக்குப் பஞ்சாங்கம் தெரியும், வானிலை தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு இருபத்தாறு வருடங்களாக மெல்பனில் காலம் தள்ளுகிறார். சித்திரை ஒன்றாம் தேதி காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய செய்தி தவறாமல் வந்துவிடும். "இளவேனில் பிறந்தது, மரங்கள் துளிர்க்கும் காலம், அனைவருக்கும் வாழ்த்துகள்." அவர் வீட்டு வாசல் மரம் அன்றைக்குத்தான் மும்முரமாக இலை உதிர்த்துக்கொண்டிருக்கும். அந்த இலைகளைப் பெருக்கி அள்ளுவதும் அவர்தான். அள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் செய்தி அனுப்புவார்.

ஆடி மாதம் எங்கள் பகுதியான கிரெய்கிபர்னில் காலையில் மூன்று டிகிரிக்கு இறங்கும். அதற்கே மனிதர் மங்கி கேப், இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை என்று மூட்டையாகிவிடுவார். "நான் பார்க்காத குளிரா?" என்று வேறு கேட்பார். பார்த்ததெல்லாம் ஹீட்டருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த குளிர்.

என் பெயர் மீனாம்பாள். வயது ஐம்பத்தைந்து. மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் எங்கள் வீடும். அவர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் புதுமனை புகுந்த வீடு அது. வைகாசி முகூர்த்தம், அதாவது ஜூன் மாதம், விடிந்தும் விடியாத நேரம். ஹோமம் தொடங்கியதும் "குளிருது, எல்லா ஜன்னலையும் சாத்துங்க" என்று உத்தரவு போட்டவர் அவர்தான். சாத்தினோம். கால் மணி நேரத்தில் புகை நிரம்பி, கூரையிலிருந்த அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி, இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. அன்று மாலையே அவர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "மீனா ஈசான மூலையில குப்பைத்தொட்டிய வச்சிருந்தா, அதான்." பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு விசேஷத்திலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஒரே மகள், அக்ஷரா. முப்பத்துநான்கு வயது, டாக்டர். சிகாகோவில் வேலை பார்க்கும் பிரதீப்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா போனாள். விசா நிபந்தனைப்படி டாக்டர் கிடைக்காத ஏதாவது ஒரு நாட்டுப்புறத்தில் மூன்று வருடம் வேலை செய்தாக வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் அயோவா மாநிலத்தில் மெரிடன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர்த் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜனங்கள் பதினோராயிரம் பேர், மிச்சமெல்லாம் சோளம்.

அந்தக் கவுண்டியின் வானிலையை நான் பார்க்க ஆரம்பித்தது அவளுக்காக. பிறகு எனக்கே பிடித்துப்போய்விட்டது. மெல்பன் வானிலைக்கு ஒரு நாளில் நாலு முறை மனசு மாறும். அதை நம்பிக் கொடியில் ஒரு துண்டு காயப்போட முடியாது. அந்த ஊர் அப்படியில்லை, சொன்னால் சொன்னதுதான். ஏப்ரலில் காற்று சுழன்றடிக்கும், சைரன் ஊதினால் எல்லோரும் வீட்டின் அடித்தளத்துக்கு, அதாவது நிலத்துக்கு அடியிலிருக்கும் அறைக்கு, ஓட வேண்டும். ஜூலையில் சோளக்காடு முழுக்க ஆவி விட்டு, கண்ணாடி போட்டவர்கள் வாசலுக்கு வந்தாலே கண்ணாடி மூடிக்கொள்ளும். அக்டோபரில் அறுவடைப் புழுதி, அது அடங்கும் முன்னே முதல் உறைபனி. நவம்பரிலிருந்து கனடாவில் கிளம்பும் காற்று, நடுவில் ஒரு மலைகூட இல்லாமல், நேராக வந்து இறங்கும். ஜனவரியில் மைனஸ் இருபத்தைந்து சர்வசாதாரணம். அந்த ஊர் ரேடியோ நிலையத்தின் பக்கத்தில் இதையெல்லாம் தினமும் போடுவார்கள். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அதைத் திறப்பேன்.

கோபாலகிருஷ்ணனுக்கு அந்தக் கவுண்டியைப் பற்றித் தெரிந்தது அதன் தீர்க்கரேகை மட்டும். ஓய்வுபெற்ற பொறியாளர் அல்லவா, கணக்கில் புலி. அங்கே சூரிய உதயம் எத்தனை மணி எத்தனை நிமிடம், ராகுகாலம் எப்போது தொடங்குகிறது என்று நொடி சுத்தமாகச் சொல்வார். அந்தச் சூரியன் உதித்து என்ன சூடு கொடுக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அக்ஷரா அங்கே ஒரு வீடு வாங்கினாள். பத்து வருடத்தில் எட்டு வாடகை வீடு மாறியவள். "சித்தி, இனிமே யாரையும் கேக்காம சுவத்துல ஆணி அடிப்பேன்" என்று எனக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னாள். சோளக்காட்டைப் பார்த்த இரண்டு மாடி மரவீடு. சாவி வாங்கியதும் லீவு நாட்களில் தானே போய்ச் சமையலறைச் சுவரின் பழைய காகிதத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, மஞ்சள் பெயின்ட் அடித்தாள். கைமுட்டிவரை பெயின்டோடு நின்று போட்டோ அனுப்பினாள். குழந்தை பிறந்தால் கூடத் தன்னால் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். அந்த வீடு அவளுக்கு அப்படி.

சாவி கைக்கு வந்தது மார்கழி முதல் வாரம். மார்கழியில் குடி போகக்கூடாது. தை எட்டாம் தேதி, அவர்கள் கணக்கில் ஜனவரி இருபத்தொன்று, சூரியன் வருவதற்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும் என்று கோபாலகிருஷ்ணன் குறித்துக் கொடுத்தார். வருடத்திலேயே மிகக் குளிரான மாதத்தில், ஒரு நாளின் மிகக் குளிரான நேரம். அந்த ஊரில் வீடு மாற வசதியான மாதம் ஜூலை. ஆனால் ஜூலை என்றால் ஆடி. ஆடியில் வாசல்படி மிதித்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, அதனால் அவரும் சொன்னதில்லை. தை வரும்வரை மருத்துவமனைக் குடியிருப்பிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள் அக்ஷரா.

டிசம்பர் கடைசி ஞாயிறு அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. ஏசி போட்ட ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, டிவி திரையில் அக்ஷரா வீட்டைச் சுற்றிக் காட்டினாள். வாஸ்து பார்க்க வேண்டுமாம். மூலை மூலையாகக் காட்டி, கடைசியில் அடித்தளத்துக்கு இறங்கினாள். அங்கே ஒரு பெரிய தகரப் பெட்டி நின்றது. அதிலிருந்து குழாய் குழாயாக மேலே போனது.

"அது என்ன, அந்தக் கண்ணாடி வழியா நீலமா எரியுது?" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"ஃபர்னஸ்ப்பா. இதுதான் வீடு முழுக்க ஹீட்டிங்."

"நெருப்பா?"

"கேஸ்ப்பா."

"கேஸ்னா நெருப்புதானே? பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி வீட்டுல அடுப்பு எரியலாமா? அதுவும் மார்கழியில?"

"இது அடுப்பு இல்லப்பா."

"எரியுதா, இல்லையா?"

"எரியுது."

"அப்ப அணை."

அக்ஷரா விளக்கிப் பார்த்தாள். வீட்டை விலை பேசி முடித்துக் கொடுத்த ஏஜென்ட் பெண்மணி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்: குளிர்காலத்தில் ஹீட்டிங்கை அணைக்கவே கூடாது, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும் என்று. கோபாலகிருஷ்ணன் கையை வீசினார். "வியாபாரம் பண்றவ ஆயிரம் சொல்லுவா. ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கி நடுவுல வை. கரண்ட்ல நெருப்பு இல்ல, தோஷம் இல்ல. நான் இஞ்சினீயர்ம்மா, எனக்குத் தெரியாதா?"

அவர் மனைவி வைதேகி அக்கா, "அப்பா சொல்றதக் கேளும்மா, மூணு வாரம்தானே" என்றார். என் கணவர், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இதைத் தவிர வேறு வாக்கியம் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. திரையில் அந்த நீல வெளிச்சம் அணைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய டாக்டர்களையே எதிர்த்துப் பேசுகிற பெண், அப்பா முன்னால் பத்து வயதுப் பிள்ளையாக ஸ்விட்சைத் தட்டிவிட்டு நின்றாள். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்தது, அவள் மேலும்தான்.

அடுத்த நாள் அவள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

"சித்தி, நீங்க எங்க ஊர் வெதர் தினமும் பாக்குறீங்கல்ல? பயமா இருக்கு. நானா ஆன் பண்ணா அம்மா அழுவாங்க, அப்பா ஆறு மாசம் பேசமாட்டாரு. பெரியவங்கள்ல ஒருத்தர் சொன்னா போதும். சித்தி சொன்னாங்க, ஆன் பண்ணேன்னு சொல்லிடுவேன்."

"இப்ப மைனஸ் மூணுதானேம்மா? பெருசா ஒண்ணும் இல்ல. பெரிய குளிர் வர்ற மாதிரி இருந்தா நானே மெசேஜ் போடுறேன். அன்னிக்கே போட்டுடு."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. அந்தக் குடும்பத்தில் மூளையுள்ள ஒரே ஆள் நான்தான் என்று அவளும் நினைக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜனவரி பதிமூன்று. மதிய இடைவேளை, நர்ஸுகள் ஓய்வெடுக்கும் அறை. வெளியே மெல்பனில் முப்பத்தெட்டு டிகிரி. மெரிடன் கவுண்டி ரேடியோவின் பக்கத்தைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை: நாளை இரவிலிருந்து நான்கு நாட்களுக்குக் கடும் குளிர், மைனஸ் இருபத்தொன்பது வரை. கால்நடைகளை உள்ளே கட்டுங்கள், குழாய்களை லேசாகச் சொட்டவிடுங்கள், காலி வீடுகளில் ஹீட்டிங் ஓடுகிறதா என்று பாருங்கள்.

உடனே வாட்ஸ்அப்பைத் திறந்து அடித்தேன். "ஃபர்னஸைப் போடு. அப்பா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." அவ்வளவுதான் செய்தி. அனுப்ப வேண்டிய பொத்தான் கட்டை விரலுக்குக் கீழே இருந்தது.

அப்போது கோபாலகிருஷ்ணனின் முகம் கண் முன்னே வந்தது. அந்த வீட்டில் இனி யாருக்குச் சளி பிடித்தாலும், பல்லி விழுந்தாலும், "மீனா சொல்லித்தான் மார்கழியில நெருப்பு மூட்டுனா" என்று ஆரம்பிப்பார். இன்னும் பன்னிரண்டு வருடம். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருக்க, எல்லோரும் சிரிப்பார்கள். அழித்தேன். அவளுடைய மஞ்சள் சுவர் நினைவுக்கு வந்தது. மறுபடி அடித்தேன். பிறகு வேறொரு எண்ணம் வந்தது. ஏன் அனுப்ப வேண்டும்? ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த மனிதர் குறித்த முகூர்த்தம் எல்லோர் முன்னாலும் நாறட்டுமே. எங்காவது ஒரு குழாய் வெடிக்கும், கொஞ்சம் தரை நனையும், பிளம்பர் வந்து சரிசெய்துவிடுவான். டிவி திரையில் அதைக் கண்டு அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மறுபடி அழித்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

அடுத்த நான்கு நாட்களும் பார்த்தேன். மைனஸ் இருபத்து நாலு, இருபத்தேழு, இருபத்தொன்பது. பொய் சொல்லவில்லை, எனக்கு உற்சாகமாக இருந்தது. அக்ஷராவிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அவளுக்கு அது ஏழு நாள் தொடர் டூட்டி, மருத்துவமனையிலேயே கிடந்தாள். பிறகு பத்தொன்பதாம் தேதி அங்கே குளிர் உடைந்து பனி உருக ஆரம்பித்தது. ஜனவரியில் நடுவில் இப்படி இரண்டு மூன்று நாள் இளகும், அதுவும் அந்த ஊர் வழக்கம்தான்.

இருபத்தொன்றாம் தேதி புதன்கிழமை, எங்களுக்குக் காலை ஒன்பது மணி. அங்கே இன்னும் செவ்வாய் சாயங்காலம். மறுநாள் பால் காய்ச்ச வேண்டும் என்பதால் அக்ஷரா முதல் நாளே போய்க் கோலம் போட்டு, அடுப்பைத் துடைத்து வைக்கப் போகிறாள். அதைப் பார்க்க எல்லோரும் கோபாலகிருஷ்ணன் வீட்டு ஹாலில் கூடிவிட்டோம். அன்றைக்கு மெல்பனில் நாற்பத்தொரு டிகிரி, மாநிலம் முழுக்கத் திறந்த வெளியில் நெருப்பு மூட்டத் தடை. இவர் கொல்லைப்புறத்தில் ஒரு ஹோம குண்டம் வைத்து, இங்கிருந்தே மகள் வீட்டுக்கு ஹோமம் செய்வதாக இருந்தார். அதிசயமாக என் கணவர் தொண்டை வறளப் பேசித் தடுத்திருந்தார். "ஒரு சின்னக் குண்டம், அதுக்குக்கூட கவர்மென்ட்டைக் கேக்கணுமா?" என்று அண்ணன்காரர் பட்டு வேட்டியில் வேர்த்து ஒழுகியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திரையில் அக்ஷரா வந்தாள். கையில் கோலமாவு டப்பா, பின்னால் ஈரமான வெள்ளை வயல். "இன்னிக்கு ப்ளஸ் ரெண்டுப்பா, ஸ்னோ எல்லாம் உருகுது. பிரதீப் சிகாகோல இருந்து நைட் வந்துடுவாரு."

"பாத்தீங்களா?" என்று எங்கள் பக்கம் திரும்பினார் கோபாலகிருஷ்ணன். "முகூர்த்தம் நெருங்குனதும் தானா வெயில் வந்துடுச்சு."

அக்ஷரா சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினாள். கதவு பாதிதான் திறந்தது, வீங்கியிருந்தது. தோளால் முட்டித் திறந்தாள். வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் வெளியே வந்து அவள் பூட்ஸை நனைத்தது.

கேமரா ஆடியது. ஹாலில் கணுக்கால் தண்ணீர். நடுவில் அந்தக் கரண்ட் ஹீட்டர் குப்புறக் கிடந்தது. மாடிப்படி வழியாகத் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறைக் கூரை மொத்தமாகப் பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்திருந்தது. மஞ்சள் சுவர் உப்பி, பெயின்ட் தோல் தோலாகத் தொங்கியது. வெடித்தது ஒரு குழாய் இல்லை. கூரையிலும் சுவர்களிலும் ஏழெட்டு இடத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அக்ஷரா "அம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வைதேகி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கோபாலகிருஷ்ணனின் முகத்தைத்தான் பார்த்தேன், அதற்காகத்தானே காத்திருந்தேன். ஆனால் அந்த முகம் எங்கும் போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணிதானே. புது வீட்டுக்குள்ள நமக்கு முன்னாடி தண்ணி வர்றது ரொம்ப விசேஷம்மா. லட்சுமியே வந்த மாதிரி. திருஷ்டியும் கழிஞ்சது. அடுப்பு மேல கிடக்கறத எடுத்துப் போட்டுட்டு, பாலை மட்டும் நேரத்துக்குக் காய்ச்சிடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. இப்படியும் ஒரு ஜென்மமா என்று நினைத்தேன்.

அக்ஷரா "சித்தி இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்ம்மா."

"குளிர் வந்தா சொல்றேன்னீங்களே சித்தி."

ஹாலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்து பொய் சொன்னது. "அந்த வாரம் எனக்கு டூட்டி ரொம்ப அதிகம்மா. பாக்கவே முடியல."

"அவளைப் போய்க் கேக்குறியே!" என்றார் கோபாலகிருஷ்ணன். "மீனாவுக்கு வெதரப் பத்தி என்னம்மா தெரியும்? பாவம், அவ என்ன பண்ணுவா?" பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் எனக்காகப் பேசினார்.

அக்ஷரா, கோபமே இல்லாமல், நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு நான் போனைக் கையிலயே வச்சிருந்தேன் சித்தி. குளிர் வருதுன்னு ஹாஸ்பிட்டல்ல எல்லாரும் பேசிட்டிருந்தாங்க, நீங்க சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். வாட்ஸ்அப்ல நீங்க டைப் பண்றீங்கன்னு காட்டுச்சு. நின்னுச்சு. திரும்பக் காட்டுச்சு. ரொம்ப நேரம் காட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. சித்தியே வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னா, அப்ப பரவால்ல போலன்னு நினைச்சுட்டேன்."

வைதேகி அக்கா என்னையே பார்த்தார், நான் திருப்பிப் பார்க்கவில்லை. அக்ஷரா போனை எங்கோ வைத்துவிட்டு, தண்ணீரை அடைக்க அடித்தளத்துக்கு இறங்கிப் போனாள். திரையில் திறந்த வாசலும் அதற்கு மேலே சாம்பல் வானமும் மட்டும் தெரிந்தன. ப்ளஸ் இரண்டு டிகிரி, தென்மேற்குக் காற்று, லேசான மேகம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்திருந்தேன்.